1946 தொழில் விபத்துக் காப்பீடு: ஜிம் கிரிஃபித்ஸ் உண்மையில் செய்தது என்ன?

#1 தறிநாடா

போருக்குப் பிந்தைய பிரிட்டன் என்று பேச்செடுத்தாலே சுகாதார அமைச்சர் அனைரின் பெவனும் தேசிய சுகாதார சேவையும்தான் வரும். இந்தத் தளத்திலேயே அதற்கு நாலைந்து இழை ஓடியிருக்கிறது. எனக்கு அதே அரசில் அமைச்சராக இருந்த இன்னொரு வேல்ஸ்காரர் மேல்தான் ஆர்வம். ஜிம் கிரிஃபித்ஸ், லனெல்லி தொகுதியின் தொழிற்கட்சி எம்.பி. 1945 ஆகஸ்டிலிருந்து 1950 வரை தேசியக் காப்பீட்டு அமைச்சர்.

ஆளைத் தெரியாதவர்களுக்காக: 1890இல் அம்மன்ஃபோர்டு பக்கம் ஒரு கொல்லர் வீட்டில் பிறந்தார். வீட்டில் வேல்ஷ் மொழிதான். 13 வயதில் படிப்பை விட்டுவிட்டு நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கினார். 1908இல் பான்ட்டிஃபின்னன் சுரங்கத்தில் நடந்த வெடிப்பில் ஓர் அண்ணன் செத்தார், இன்னோர் அண்ணன் படுகாயத்தோடு பிழைத்தார். பிழைத்தவர் பிற்பாடு அமன்வி என்ற பெயரில் வேல்ஷ் கவிஞரானார். கிரிஃபித்ஸ் சங்க வேலைக்குப் போய், 1934இல் தென் வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர் கூட்டமைப்பின் தலைவராகி, 1936 இடைத்தேர்தலில் நாடாளுமன்றத்துக்குள் வந்தார்.

அவர் பெயரில் நிற்கும் பெரிய சட்டங்கள் இரண்டும் 1946இல் ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேறின. ஒன்று தேசியக் காப்பீட்டுச் சட்டம். மற்றது தொழில் விபத்துகளுக்கான தேசியக் காப்பீட்டுச் சட்டம். முதலாவதைப் பற்றிப் புத்தகம் புத்தகமாக எழுதியிருக்கிறார்கள். இரண்டாவது அடிக்குறிப்பில் கிடக்கிறது. என் வாதம் என்னவென்றால், இரண்டில் துணிச்சலானது அந்த இரண்டாவதுதான். அதுவரை வேலையில் கை போனால் அது தொழிலாளிக்கும் முதலாளிக்கும் நடுவே ஒரு வழக்கு. அவர் அதை வழக்கே இல்லாமல் ஆக்கி, போரில் காயம்பட்ட சிப்பாயின் கணக்கில் கொண்டுபோய் வைத்தார்.

மறுப்பவர்கள் வரலாம்.

#2 கணக்குப்பிள்ளை

மறுக்கிறேன். "அவர் பெயரில் நிற்கும் சட்டங்கள்" என்று நீங்களே சரியாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். பெயர்தான் அவருடையது. திட்டம், பொருளாதார அறிஞர் வில்லியம் பெவரிட்ஜ் 1942 டிசம்பரில் கொடுத்த சமூகக் காப்பீட்டு அறிக்கை. அதற்குப் பிறகு 1944இல் சர்ச்சிலின் கூட்டணி அரசு சமூகக் காப்பீடு பற்றி இரண்டு பாகமாக வெள்ளை அறிக்கை வெளியிட்டது. இரண்டாம் பாகம் முழுக்கத் தொழிலாளர் இழப்பீடு பற்றித்தான். தேசியக் காப்பீட்டு அமைச்சகமே 1944 நவம்பரில், போர் முடிவதற்கு முன் தொடங்கியது. குழந்தைப்படிச் சட்டம் 1945 ஜூனில், தொழிற்கட்சி வருவதற்கு முன்பே நிறைவேறிவிட்டது. கிரிஃபித்ஸ் வந்து உட்காரும்போது மேசைமேல் எல்லாம் தயார். கையெழுத்துப் போட்டார். அவ்வளவுதான்.

#3 தறிநாடா

மேசைமேல் இருந்தது உண்மை. அந்த மேசைக்கு அது எப்படி வந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

1943 பிப்ரவரியில் பெவரிட்ஜ் அறிக்கை மீது காமன்ஸ் சபையில் மூன்று நாள் விவாதம். அரசுத் தரப்பில் பேசிய ஜான் ஆண்டர்சனும் நிதியமைச்சர் கிங்ஸ்லி வுட்டும் 'பார்க்கலாம், பணம் இருந்தால் செய்யலாம்' என்ற தோரணையில் பேசினார்கள். தொழிற்கட்சி அப்போது கூட்டணியில் இருக்கிறது. அட்லி, பெவின், மாரிசன் எல்லோரும் அமைச்சர்கள். அந்த நிலையில், அரசின் போக்கு போதாது என்று பின்வரிசையிலிருந்து திருத்தம் கொண்டுவந்தவர் கிரிஃபித்ஸ். திருத்தம் 335க்கு 119 என்று தோற்றது. ஆனால் தொழிற்கட்சியின் பின்வரிசை கிட்டத்தட்ட மொத்தமும் தங்கள் அமைச்சர்களை எதிர்த்து வாக்களித்தது. லாயிட் ஜார்ஜ் காமன்ஸ் சபையில் போட்ட கடைசி ஓட்டும் அந்த 119இல் ஒன்று. எர்னஸ்ட் பெவினுக்கு வந்த கோபத்தில் கட்சி எம்.பி.க்கள் கூட்டத்துக்கே வெகுநாள் போகவில்லை.

1944இல் வெள்ளை அறிக்கை வந்ததற்கு இந்த 119 பேருக்கும் பங்கு உண்டு என்பேன். போர்க்காலத்தில் அரசை எதிர்த்து ஓட்டுப்போடுவது சும்மா இல்லை.

#4 சும்மா_பார்வையாளர்

பெவன், பெவின் இரண்டையும் ஒரே இழையில் விடாதீர்கள். பாதி பேர் பாதி வழியிலேயே தொலைந்துபோவோம்.

#5 கறுப்புக்கோட்டு

வக்கீல் என்ற முறையில் நான் இரண்டாவது சட்டத்தின் பக்கம். அதற்கு முன் நிலைமை எப்படி என்று தெரிந்தால்தான் அதன் அருமை புரியும். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1837இல் தீர்ப்பான ஒரு வழக்கு. பிரீஸ்ட்லி என்ற இளைஞன் ஃபவுலர் என்ற கசாப்புக்கடைக்காரரிடம் வேலை பார்த்தான். அளவுக்கு மீறி ஏற்றிய வண்டி முறிந்து விழுந்ததில் தொடை உடைந்தது. கடைக்காரர் மேல் வழக்குப் போட்டான். நீதிமன்றம் கைவிரித்தது. வேலைக்கு வரும்போதே அதிலுள்ள ஆபத்தையும் ஏற்றுக்கொண்டுதானே வருகிறாய் என்பது தீர்ப்பின் சாரம். இதிலிருந்து வளர்ந்ததுதான் 'பொது வேலை' கோட்பாடு. உடன் வேலை செய்பவனின் கவனக்குறைவால் உனக்கு அடிபட்டால் முதலாளி பொறுப்பில்லை. ஆயிரம் பேர் வேலை செய்யும் சுரங்கத்தில் எந்த விபத்தைத்தான் உடன் வேலை செய்பவன் தலையில் கட்ட முடியாது?

1897இல் ஜோசஃப் சேம்பர்லின் முயற்சியில் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வந்தது. முதலாளியின் தவறை நிரூபிக்க வேண்டியதில்லை, வேலையில் அடிபட்டாலே இழப்பீடு என்றார்கள். பெரிய முன்னேற்றம். 1906இல் சில தொழில் நோய்களையும் சேர்த்தார்கள். ஆனால் கொடுக்க வேண்டியவர் முதலாளி. அதாவது நடைமுறையில் அவருடைய காப்பீட்டுக் கம்பெனி. அவர்கள் சும்மா கொடுப்பார்களா? "வேலையின் காரணமாக, வேலையின்போது" ஏற்பட்ட காயம் என்ற அந்த ஒரு சொற்றொடரை வைத்து நாற்பது, ஐம்பது வருடம் வழக்காடினார்கள். அன்றைக்கு உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை வரைக்கும் போன வழக்குகள் மட்டுமே அலமாரி கொள்ளாது.

நடைமுறையில் இரண்டு கண்ணிகள் இருந்தன. முதலாவது, மொத்தமாக ஒரு தொகையை நீட்டி 'இதோடு முடித்துக்கொள்' என்பது. வாரப்படி எப்போது நிற்குமோ என்ற பயத்திலும், வீட்டு வாடகை பாக்கியிலும் இருப்பவன் வாங்கிக்கொள்வான். இரண்டாவது இன்னும் மோசம்: 'இலகு வேலை'. கம்பெனி டாக்டர் பார்த்துவிட்டு 'இலகு வேலை செய்யலாம்' என்று எழுதினால் படி குறையும். அந்த இலகு வேலை ஊரில் இருக்கிறதா இல்லையா என்பதற்காகத் தனிச் சண்டை. தென் வேல்ஸில் சங்க ஏஜென்ட்டாக இருந்தவருக்கு வாரநாளின் பாதி இதிலேயே போயிருக்கும். கிரிஃபித்ஸ் 1925 முதல் 1936 வரை அந்த வேலைதான் பார்த்தார்.

போதாக்குறைக்குச் சின்ன நிலக்கரிக் கம்பெனிகள் திவாலாகிவிடும். காப்பீடும் எடுத்திருக்காது. அடிபட்டவன் கையில் தீர்ப்பு இருக்கும், காசு இருக்காது. இதனால்தான் 1934இல் சுரங்கங்களுக்கு மட்டும் காப்பீட்டைக் கட்டாயமாக்கினார்கள்.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு 1946 சட்டத்தைப் படியுங்கள். முதலாளி மேல் இருந்த தனிப்பொறுப்பை எடுத்துவிட்டு ஒரே தேசிய நிதி. தொழிலாளி வாரம் 4 பென்ஸ், முதலாளி 4 பென்ஸ், அதற்குமேல் அரசின் பங்கு (அன்றைய கணக்கில் 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு). முடிவு செய்வது காப்பீட்டு அதிகாரி, அவருக்குமேல் உள்ளூர் தீர்ப்பாயம், அதற்குமேல் ஓர் ஆணையர். வேலை நேரத்தில் நடந்த விபத்தென்றால், எதிரான சாட்சியம் இல்லாதவரை, அது வேலையின் காரணமாக நடந்தது என்றே கொள்ள வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். அந்த ஒரு வரிக்காகவே நான் கிரிஃபித்ஸுக்கு வணக்கம் வைப்பேன்.

1837 கோட்பாட்டையும் 1948இல் தனிச் சட்டம் போட்டு ஒழித்தார்கள். நூற்றுப்பதினோரு வருடம் உயிரோடு இருந்திருக்கிறது.

#6 பழைய_பஞ்சாலை

கறுப்புக்கோட்டு சார் எழுதிய 'இலகு வேலை' விஷயம் படித்ததும் சிரிப்பு வந்தது. எங்கள் பக்கத்தில் அது 'லைட் டியூட்டி'. நான் ஒரு மில்லில் சங்கத்தில் இருந்தபோது, விரல் போன ஒருவருக்கு லைட் டியூட்டி என்று கொடுத்து, மூன்று மாதம் கேட் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்துவிட்டு, அப்புறம் 'வேலை இல்லை' என்று அனுப்பினார்கள். மில் பெயர் வேண்டாம்.

எனக்கு ஒரு சந்தேகம். அந்தச் சட்டத்தில் ஊனத்தை எப்படி அளந்தார்கள்? நம் ஈ.எஸ்.ஐ. மாதிரி சதவீதமா?

#7 கறுப்புக்கோட்டு

சதவீதம்தான். பழைய சட்டம் 'இவன் சம்பாத்தியம் எவ்வளவு குறைந்தது' என்று கேட்டது. புதிய சட்டம் 'இதே வயதுள்ள நல்ல உடம்புக்காரனோடு ஒப்பிட்டால் இவன் எவ்வளவு இழந்தான்' என்று கேட்டது. மருத்துவக் குழு பார்த்துச் சொல்லும். ஒரு கை போனால் 60, கட்டைவிரல் போனால் 30, ஒரு கையில் நான்கு விரலும் போனால் 50, ஆள்காட்டி விரல் முழுதாகப் போனால் 14.

100 சதவீதத்துக்கு வாரம் 45 ஷில்லிங். ஆக ஒரு கையை இழந்தவருக்கு 27 ஷில்லிங். இதில் முக்கியமான விஷயம், அவர் திரும்ப வேலைக்குப் போய் முழுச் சம்பளம் வாங்கினாலும் அந்த 27 ஷில்லிங் நிற்காது. சம்பளத்தோடு அதற்குச் சம்பந்தமே இல்லை. 20 சதவீதத்துக்குக் கீழே என்றால் வாரப்படி கிடையாது, ஒரே தொகை.

#8 பழைய_பஞ்சாலை

60, 30, 50, 14! நம் 1923 தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் முதல் அட்டவணையை எடுத்துப் பாருங்கள். அதிலும் அதே எண்கள்தான். கட்டைவிரல் 30, நாலு விரல் 50, ஆள்காட்டி விரல் 14. அதில் இரண்டு கணு போனால் 11, ஒரு கணு என்றால் 9. இருபது வருடம் இந்த அட்டவணையை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கும் ஆபீசுக்கும் நடந்திருக்கிறேன், இதற்கு இப்படி ஒரு தாயாதி பிரிட்டனில் இருக்கும் என்று யாரும் சொன்னதில்லை.

#9 தறிநாடா

இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் ஈ.எஸ்.ஐ. சட்டம் நிறைவேறியது 1948 ஏப்ரலில். பேராசிரியர் அடார்கர் 1944இல் கொடுத்த அறிக்கை அதற்கு அடிப்படை. பிரிட்டனில் கிரிஃபித்ஸின் திட்டம் நடைமுறைக்கு வந்தது 1948 ஜூலை 5. இந்த இரண்டு தேதிகளை மட்டும் வைத்துப் பார்த்தால் நாம் முந்திக்கொண்ட மாதிரி தெரியும். நடைமுறையில் கான்பூரிலும் டெல்லியிலும் ஈ.எஸ்.ஐ. தொடங்க 1952 பிப்ரவரி ஆகிவிட்டது. சரி, இது தனி இழைக்கான விஷயம். பிரிட்டனுக்கே திரும்புவோம்.

அந்த 45 ஷில்லிங்கைப் பாருங்கள். அதே நேரத்தில் போரில் முழு ஊனமான சாதாரணச் சிப்பாய்க்கும் வாரம் 45 ஷில்லிங்தான். தற்செயலாக வந்த பொருத்தம் இல்லை, இரண்டையும் சமமாக வைத்தார்கள். ஆறு வருடம் 'நிலக்கரி வெட்டுவதும் போர்தான்' என்று சுவரெல்லாம் எழுதி ஆட்களைச் சுரங்கத்துக்குள் அனுப்பிய அரசு, போர் முடிந்ததும் அதற்குரிய கணக்கைத் தீர்த்தாக வேண்டியிருந்தது. முதல் பதிவில் நான் சொன்னது இதைத்தான்.

#10 அடுப்படி_அரசியல்

எல்லாம் படித்தேன். எனக்கு ஒரே கேள்வி. வேலையில் கால் போய்ப் படுத்துவிட்டால் முதல் ஆறு மாதம் வாரம் 45 ஷில்லிங். பஸ்ஸில் அடிபட்டுக் கால் போனால்? சாதாரண நோய்ப்படி, 26 ஷில்லிங். வீட்டில் வெந்நீர் அண்டா கவிழ்ந்து, கல்யாணமான, வேலைக்குப் போகாத ஒரு பெண்ணுக்குக் கால் வெந்து வீணாகப் போனால்? ஒன்றுமே இல்லை. மூன்றும் ஒரே கால்தானே?

நீங்கள் எல்லோரும் சுரங்கத்தையும் மில்லையும் பற்றியே பேசுகிறீர்கள். அந்தக் காப்பீட்டின் அடித்தளமே 'ஆண் சம்பாதிக்கிறான், மனைவி அவன் கணக்கில் இருக்கிறாள்' என்பதுதான். வேலைக்குப் போகும் கல்யாணமான பெண் முழுச் சந்தா கட்டாமல் ஒதுங்கிக்கொள்ளலாம் என்று ஒரு 'சலுகை' வேறு. ஒதுங்கினால் தன் பெயரில் ஓய்வூதியம் கிடையாது. இந்தச் சலுகையைப் புதிதாகக் கொடுப்பதை 1977இல்தான் நிறுத்தினார்கள். முழுச் சந்தா கட்டிய கல்யாணமான பெண்ணுக்கும் நோய்ப்படி, வேலையில்லாக் காலப்படி இரண்டும் ஆண்களைவிடக் குறைவு.

இது அன்றைக்கு யாருக்கும் தோன்றாத விஷயம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. 1943இலேயே எலிசபெத் அபட், கேத்தரின் பாம்பஸ் இருவரும் பெண்கள் சுதந்திரக் கழகத்துக்காகச் சிறு வெளியீடு ஒன்று எழுதி, பெவரிட்ஜ் திட்டத்தின் இந்த ஓட்டையை வரி வரியாகக் காட்டினார்கள். அமைச்சர் படித்திருக்க வேண்டும்.

#11 தறிநாடா

அக்கா சொல்வதில் பெண்கள் பற்றிய பகுதிக்கு என்னிடம் மறுப்பு இல்லை. அதை அவர் மாற்றவில்லை, மாற்ற முயலவும் இல்லை. சுரங்க ஊர்களில் ஆண் நிலத்துக்கடியில், பெண் வீட்டில் என்பதுதான் அவர் கண்ட உலகம். அந்த உலகத்தையே சட்டமாக எழுதினார்.

ஆனால் 45க்கும் 26க்கும் உள்ள வித்தியாசத்தை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பெவரிட்ஜே இதைப் பற்றி யோசித்துக் காரணம் எழுதியிருக்கிறார். நாட்டுக்குத் தேவையான வேலைகளில் சில ஆபத்தானவை, அதற்கு ஆள் வர வேண்டுமானால் தனிப் பாதுகாப்பு வேண்டும். இன்னொன்று, வேலையில் இருப்பவன் உத்தரவுக்குக் கீழ்ப்பட்டு நிற்கிறான். பஸ் ஏறுவது நம் இஷ்டம். 'அந்தக் கூரைக்கடியில் போய் வெட்டு' என்று மேஸ்திரி சொன்னால் போயாக வேண்டும்.

#12 அடுப்படி_அரசியல்

> பஸ் ஏறுவது நம் இஷ்டம்

வேலைக்குப் போகும் பஸ்ஸாக இருந்தால்?

மற்றபடி, சமையலும் உத்தரவுப்படிதான் நடக்கிறது. சட்டத்தில் எழுதவில்லை, அவ்வளவுதான்.

#13 கணக்குப்பிள்ளை

அக்கா கேட்டதற்கு மேல் என் பக்கத்திலிருந்து இரண்டு.

ஒன்று, எல்லோருக்கும் ஒரே சந்தா. 1948 ஜூலையில் ஆண் தொழிலாளியின் வாரச் சந்தா 4 ஷில்லிங் 11 பென்ஸ். வாரம் 5 பவுண்டு வாங்குபவரும் அதே, 10 பவுண்டு வாங்குபவரும் அதே. ஏழைக்குத்தான் இது அதிகம் கடிக்கும். சோஷலிஸ்ட் அரசு கொண்டுவந்த தலைவரி என்றே இதைச் சொல்வேன்.

இரண்டு, தொகை போதவில்லை. பெவரிட்ஜ் சொன்ன அடிப்படை 'பிழைப்புக்குப் போதுமான' தொகை. போருக்கு முன்பிருந்த விலைகளின் மேல் கொஞ்சம் கூட்டிக் கணக்குப் போட்டு 26 ஷில்லிங் என்றார்கள். 1948இல் திட்டம் தொடங்கும்போது விலைவாசி அதைத் தாண்டிப் போய்விட்டது. விளைவு, காப்பீட்டுத் தொகையை வாங்கிக்கொண்டே மறுபடி தேசிய உதவி வாரியத்தின் வாசலில் போய் வருமானக் கணக்கைக் காட்ட வேண்டிய நிலை. வாரியத்திடம் உதவி வாங்கியவர்கள் எண்ணிக்கை சீக்கிரமே பத்து லட்சத்தைத் தாண்டியது. வருமானச் சோதனையை ஒழிக்கிறோம் என்று சொன்னவர்கள் அதற்குப் புதுப் பலகை மாட்டினார்கள்.

அவருடைய சொந்தக் கட்சியிலேயே எதிர்ப்பு இருந்ததையும் சொல்ல வேண்டும். வேலையில்லாக் காலப்படிக்கு 180 நாள் வரம்பு வைத்ததை எதிர்த்து சிட்னி சில்வர்மனும் அப்போது புதுமுகமான பார்பரா காசிலும் சண்டை போட்டார்கள். கிரிஃபித்ஸ் அடிப்படையை மாற்றிக்கொள்ளவில்லை. 1930களில் வேல்ஸில் வருடக்கணக்காக வேலையில்லாமல் தெருமுனையில் நின்றவர்களைப் பார்த்த மனிதர், 180 நாளில் வேலை கிடைத்துவிடும் என்று எப்படி நம்பினார்?

#14 தறிநாடா

180 நாள் விஷயத்தில் எனக்கும் இதே உறுத்தல் உண்டு. முழு வேலைவாய்ப்பு நிலைக்கும் என்ற நம்பிக்கையில் கட்டிய திட்டம் அது. அவர் நல்லகாலம், அடுத்த இருபது வருடம் அந்த நம்பிக்கை பொய்க்கவில்லை.

ஆனால் 'கையெழுத்துப் போட்டார்' என்ற உங்கள் பழைய வாதத்துக்கு எதிரான சாட்சியம் ஓய்வூதியத்தில் இருக்கிறது. பெவரிட்ஜ் முழு ஓய்வூதியத்தை 20 வருடத்தில் படிப்படியாக உயர்த்தச் சொன்னார், செலவுக்குப் பயந்து. கிரிஃபித்ஸ் அதைக் கேட்கவில்லை. திட்டம் தொடங்கும்வரைகூடக் காத்திருக்காமல், 1946 அக்டோபரிலேயே ஒற்றை ஆளுக்கு 26 ஷில்லிங், தம்பதிக்கு 42 ஷில்லிங் என்று கொடுக்கத் தொடங்கினார். அதற்கு முன் அடிப்படைத் தொகை 10 ஷில்லிங்!

அது எந்த வருடம் என்று யோசியுங்கள். போர் நடந்தபோதுகூட ரேஷனில் வராத ரொட்டி, 1946 ஜூலையில் ரேஷனுக்கு வந்தது. அமெரிக்காவிடம் 375 கோடி டாலர் கடன் வாங்கி நாடு ஓடிக்கொண்டிருக்கிறது. கருவூலத்தில் இருந்தவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்று ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டாம். அறிக்கையைவிட முன்னால் போனார் என்பதுதான் இதில் தெரிகிறது.

#15 கணக்குப்பிள்ளை

முன்னால் போனார், பில்லை அடுத்த தலைமுறைக்கு எழுதினார். நிதியைச் சேர்த்துவைத்துக் கொடுப்பது காப்பீடு. இன்றைக்கு வசூலித்து இன்றைக்கே கொடுப்பது வரி. அதற்குக் 'காப்பீடு' என்று பெயர் வைத்ததுதான் சாமர்த்தியம்.

#16 தறிநாடா

20 வருடம் காத்திருக்கச் சொல்லியிருந்தால் 1946இல் எழுபது வயதில் இருந்தவருக்கு எப்போது கிடைத்திருக்கும்? இரண்டு போர்களையும் நடுவில் ஒரு பெருமந்தத்தையும் தாங்கிய தலைமுறை அது.

#17 ஈஸ்ட்ஹாம்_வாசி

வணக்கம். லண்டனிலிருந்து எழுதுறன். தறிநாடா அண்ணை தொடங்கின விஷயம் இங்க இன்னும் உயிரோட இருக்கு எண்டு சொல்லத்தான் வந்தனான்.

அந்தத் தொழில் விபத்து ஊனப்படி இண்டைக்கும் இருக்கு. வேலைத்தலங்களில நலன்புரி விண்ணப்பம் நிரப்பிக் குடுக்கிற வேலை நான் செய்யிறன், அதால தெரியும். ஆனா 1986க்குப் பிறகு 14 சதவீதத்துக்குக் கீழ எண்டால் காசு இல்லை. கறுப்புக்கோட்டு ஐயா எழுதின அட்டவணையைத் திரும்பப் பாருங்கோ: ஆள்காட்டி விரல் முழுசாப் போனால் சரியா 14. அதில ரெண்டு கணு மட்டும் போனால் 11, ஒரு சதமும் இல்லை. வெட்டினது எவ்வளவு மேல எண்டதில இருக்கு விஷயம். சுரங்கத்தூசி நோய், பஞ்சுத்தூசி நோய், கல்நார் புற்றுநோய் மூண்டுக்கும் மட்டும் இந்த 14 வரம்பு இல்லை.

இன்னொண்டு. சுயதொழில் செய்யிறவை தொடக்கத்திலிருந்தே இந்தத் திட்டத்துக்கு வெளிய. 1946இல அது பெரிய குறையாத் தெரிஞ்சிருக்காது. இப்ப சைக்கிளில சாப்பாடு கொண்டு ஓடுற எங்கட பொடியள் நிறையப் பேர் கடதாசியில சுயதொழில்காரர். விழுந்து முழங்கால் உடைஞ்சால் 1897க்கு முந்தின ஆள் மாதிரித்தான் நிக்கிறாங்கள்.

#18 கறுப்புக்கோட்டு

ஈஸ்ட்ஹாம் நண்பருக்கு நன்றி. 14 என்ற எண் வரம்பாகவும் ஆள்காட்டி விரலாகவும் இருப்பது எனக்குப் புதிய செய்தி.

தறிநாடாவுக்கு ஒரு கேள்வி. 1948 ஜூலை 5க்கு முன் அடிபட்டவர்களுக்கு என்ன ஆனது? சட்டம் பின்னோக்கிப் பாயாது. கிரிஃபித்ஸுடைய சொந்த ஊர்க்காரர்கள், நுரையீரலில் தூசியோடு 1943, 44, 45இல் சான்றிதழ் வாங்கி வெளியே வந்தவர்கள்தானே பெரும்பாலும் இதில் மாட்டியிருப்பார்கள்?

#19 தறிநாடா

சரியான இடத்தில் கை வைத்துவிட்டீர்கள். அதுதான் இந்தக் கதையின் கசப்பான பகுதி.

தென் வேல்ஸின் மேற்குப் பக்கம் கிடைப்பது ஆந்த்ரசைட், கெட்டி நிலக்கரி. அங்கே தூசி நோய் மற்ற சுரங்கங்களைவிட அதிகம். ரொம்ப நாள் டாக்டர்கள் 'பாறைத்தூசிதான் கெடுதல், நிலக்கரித்தூசி ஒன்றும் செய்யாது' என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1930களின் கடைசியில் மருத்துவ ஆய்வு மன்றம் அந்தச் சுரங்கங்களில் நேரடியாக ஆய்வு நடத்தி, நிலக்கரித்தூசியே நோய் தரும் என்று காட்டியது. 1943இல் இழப்பீட்டில் சேர்த்தார்கள். உடனே ஆயிரக்கணக்கானோருக்குச் சான்றிதழ் கிடைத்தது. ஆனால் அந்தச் சான்றிதழே ஒரு தண்டனை. வாங்கியவர் சுரங்க வேலையை விட்டுவிட வேண்டும், விதி அப்படி. வேறு வேலையே இல்லாத பள்ளத்தாக்கில் ஐம்பது வயது மனிதர் சுரங்கத்தை விட்டு எங்கே போவார்? சிலர் மூச்சு வாங்கினாலும் பரிசோதனைக்குப் போகாமலே இருந்துவிட்டார்கள்.

இவர்கள் எல்லோரும் 1948க்குப் பிறகும் பழைய இழப்பீட்டுச் சட்டத்திலேயே நின்றார்கள். ஒரே தெருவில் இரண்டு பேர், ஒரே நோய். ஒருவர் தேதிக்கு முன், மற்றவர் தேதிக்குப் பின். வாரப்படியில் பெரிய வித்தியாசம். கிரிஃபித்ஸ் அமைச்சராக இருந்தவரை இது தீரவில்லை. 1950 பிப்ரவரியில் அவரைக் குடியேற்ற நாடுகளின் அமைச்சராக மாற்றிவிட்டார்கள். பழைய வழக்குகளுக்குக் கூடுதல் படியும், எந்தச் சட்டத்திலும் அகப்படாத தூசி நோயாளிகளுக்கு உதவியும் 1951இல்தான் தனிச் சட்டங்களாக வந்தன.

அவர் ஆதரவாளனாகிய நானே சொல்கிறேன், முதல் நாளிலேயே செய்திருக்க வேண்டிய வேலை அது.

#20 கணக்குப்பிள்ளை

இந்த ஒரு பதிவுக்காக என் எதிர்ப்பில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன். தலைவரி பற்றிய பாதி அப்படியே நிற்கிறது.

#21 பழைய_பஞ்சாலை

1951 சட்டத்தில் பஞ்சுத்தூசியும் உண்டா? ஈஸ்ட்ஹாம் தம்பி மூன்று நோயைச் சொன்னதில் அதுவும் இருந்ததால் கேட்கிறேன். பஞ்சைச் சீவும் கார்டிங் பிரிவில் வேலை பார்த்தவர்களுக்குத் திங்கட்கிழமை காலை நெஞ்சை அடைக்கும், வெள்ளிக்கிழமை ஆனால் கொஞ்சம் தேவலை என்பார்கள். நாங்கள் அதை ஞாயிற்றுக்கிழமைக் குடியால் வந்தது என்று கேலி செய்வோம்.

#22 தறிநாடா

உண்டு ஐயா. 1951 சட்டத்தின் பெயரிலேயே சுரங்கத்தூசி நோயோடு பஞ்சுத்தூசி நோயும் இருக்கிறது. லங்காஷயர் மில்களுக்காக 1941இலேயே ஒரு தனித் திட்டம் போட்டிருந்தார்கள். ஆனால் இருபது வருடம் அந்தத் தூசியில் வேலை பார்த்திருக்க வேண்டும் என்று நிபந்தனை. பத்தொன்பதாம் வருடம் மூச்சு நின்றவருக்கு ஒன்றும் இல்லை. அந்த வருடக்கணக்கைப் பின்னால் படிப்படியாகக் குறைத்தார்கள்.

நம் 1923 இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாவது அட்டவணையிலும் பஞ்சுத்தூசி நோய் இருந்தது. நீங்கள் சங்கத்தில் இருந்த காலத்தில் அதற்காக எத்தனை பேருக்குப் படி வாங்கிக் கொடுத்தீர்கள்?

#23 பழைய_பஞ்சாலை

ஒருவருக்குக்கூட இல்லை. டாக்டர்கள் ஆஸ்துமா என்றுதான் எழுதுவார்கள். ஆஸ்துமா என்று சீட்டில் எழுதிவிட்டால் அட்டவணைப் பக்கமே போக முடியாது.

#24 கறுப்புக்கோட்டு

ஐயா, அதில் சட்டப்படி ஒரு வழி இருந்தது. தனி இழை தொடங்குங்கள், அங்கே வருகிறேன்.